கொடுத்தால் வளரும் கொடி



வீட்டிற்குள் வளர்க்கும் செடிகளுள் மணி பிளான்ட் என்னும் கொடியை அறியாத குடும்பம் இன்று அரிது. இதய வடிவான பச்சை இலையில் பொன்னைத் தெளித்தாற்போன்ற மஞ்சள் திட்டுகள் கொண்ட இக்கொடி, கூடத்து மூலையிலும், சமையலறைச் சன்னலிலும், மாடிப்படியின் கைப்பிடியிலும், பள்ளித் தலைமையாசிரியரின் மேசையிலும் இடம் பிடித்துவிட்டது. முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையும் கண்ட கண்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பூக்காத, காய்க்காத, குழம்புக்கும் உதவாத ஒரு கொடிக்கு இவ்விதழில் இத்தனை இடம் ஏன் என்று வினவுவோரும் இருப்பர்.

காரணம் உண்டு. அனுமந்தன்பட்டியில் வீடு மந்திரிக்கச் செல்லும் நாட்களில் இக்கொடியைப் பற்றி மூன்று கேள்விகள் நம்மிடம் தவறாமல் கேட்கப்படுகின்றன. "சாமி, இது வீட்டில் இருந்தால் பணம் வருமாமே?" என்பது முதற்கேள்வி. "திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வளருமாமே?" என்பது இரண்டாவது. "எங்கள் வீட்டில் மட்டும் இலை மஞ்சளித்துச் செத்துப்போகிறதே, ஏன் சாமி?" என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதலிரண்டும் தாமே உதிர்ந்துவிடும் என்பது நம் கருத்து. ஆகவே முதலில் இக்கொடியின் இயல்பை அறிவோம்.

பிறந்த மண்ணும் பெற்ற பெயர்களும்

பசிபிக் மாக்கடலில், தாகித்தித் தீவுக்கு அருகே மூரேயா என்னும் சிறு தீவு உள்ளது. மணி பிளான்டின் தாயகம் அதுவே. 1880ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுத் தோட்டக்கலை வல்லுநராகிய லிண்டன் என்பாரும், ஆந்திரே என்பாரும் இதற்குப் 'போத்தோஸ் அவுரேயுஸ்' எனப் பெயரிட்டு அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தனர். இது சாலமன் தீவுகளைச் சேர்ந்தது என்றே அப்போது எண்ணப்பட்டது. 'அவுரேயுஸ்' என்பது பொன்னிறமானது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இலையிலுள்ள மஞ்சளைக் கண்டு வைத்தது. 'போத்தோஸ்' என்பதோ நம் அண்டை நாடாகிய இலங்கையின் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. மரமேறும் ஒருவகைக் காட்டுக்கொடிக்கு அங்கு வழங்கிய பெயர் அது.

பெயர் அத்துடன் நிற்கவில்லை. 1908இல் இக்கொடியை வேறொரு குலத்தில் சேர்த்தனர். 1962இல் மற்றொரு குலத்திற்கு மாற்றினர். 1964இல்தான் 'எபிப்ரெம்னம்' என்னும் இன்றைய குலத்தில் இது நிலைபெற்றது. இத்தனை குழப்பம் ஏன்? ஒரு செடியின் குலத்தை அறிய அறிஞர்கள் அதன் பூவைத்தான் முதலில் நோக்குவர். இக்கொடியோ பூப்பதே அரிது. எத்தனை ஆண்டு வளர்த்தாலும் வீட்டுச் சாடியில் இது பூத்ததை நம்மில் எவரும் கண்டிலர்.

அதன் காரணமும் அண்மையில்தான் தெளிவாயிற்று. செடியைப் பூக்கத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை இக்கொடி போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. ஆய்வாளர்கள் அப்பொருளை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது! விதையில்லாத் திராட்சையின் பழம் பருப்பதற்காகத் தெளிக்கும் ஜிப்ரெல்லிக் அமிலத்தை நம் திராட்சை விவசாயிகள் கேள்வியுற்றிருப்பர். அதே பொருள்தான் இது.

பூவில்லையேல் விதையில்லை. விதையில்லையேல் இக்கொடி தன்னினத்தைத் தானே பெருக்கி வீடுகள்தோறும் சென்று சேர வழியில்லை. அவ்வாறாயின் தாகித்திக் கடலருகே பிறந்த கொடி அனுமந்தன்பட்டித் தெருவிற்கு எவ்வாறு வந்தது? ஆய்வுக்கூடங்களில் திசுவிலிருந்து வளர்த்தெடுப்பவை நீங்கலாக, உலகின் வீடுகளிலெல்லாம் படர்ந்திருக்கும் இக்கொடிகள் யாவும் எவரோ ஒருவர் நறுக்கி, மற்றொருவர் கையில் கொடுத்த துண்டின் வழிவந்தவையே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

ஒளியே நிறம்

"இது இருட்டிலும் வளரும்" என்று சொல்லி விற்பார்கள். இருட்டைப் பொறுத்துக்கொள்ளும் என்பதே உண்மை. பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. காட்டில் பெருமரங்களின் நிழலில், இலைகளூடே வடிந்து வரும் ஒளியில் வாழ்ந்த கொடி இது. எனவே நேர்வெயில் ஆகாது, காரிருளும் ஆகாது. விளக்கேற்றாமல் பகலில் நீங்கள் இவ்விதழை எங்கே அமர்ந்து சிரமமின்றி வாசிக்கிறீர்களோ, அவ்விடம் இதற்கு ஏற்ற இடம். கிழக்குச் சன்னலின் இளவெயில் நன்று. மேற்குச் சன்னலில் சித்திரை, வைகாசி மாதத்துப் பிற்பகல் வெயில் விழுமாயின் ஒரே நாளில் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும்; சற்று உள்ளே தள்ளி வையுங்கள்.

இலையின் பச்சைப் பகுதியே செடிக்கு உணவு சமைக்கும் அடுக்களை. மஞ்சளும் வெள்ளையும் கண்ணுக்கு அழகேயன்றி உணவாக்கத்திற்குப் பெரிதும் உதவா. ஒளி குறைந்த இடத்தில் செடி பிழைக்க வேண்டிப் பச்சையைக் கூட்டிக்கொள்கிறது; அழகு குறைகிறது. "வாங்கும்போது பொன்னாய் இருந்தது, வீட்டிற்கு வந்தபின் வெறும் பச்சையாகிவிட்டது" என்று வருந்தும் தாய்மார்கள் செடியைக் குறைகூற வேண்டா. சாடியைச் சன்னலருகே நகர்த்தினால் போதும். அதன்பின் தளிர்க்கும் இலைகளில் நிறம் மீளும். பழைய இலைகள் மாறமாட்டா.

நிறத்திலும் வகைகள் உண்டு. பொன்மஞ்சள் கலந்தது நாம் எங்கும் காண்பது. பளிங்குக் கல்லைப்போல் வெள்ளையும் பச்சையும் விரவியதை 'மார்பிள் குயின்' என்பர். முழுதும் இளமஞ்சட்பச்சையாய் ஒளிர்வது 'நியான்'. திட்டுகளே இல்லாமல் கரும்பச்சையாய் இருப்பது 'ஜேட்'. சிறிய இலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது 'என்ஜாய்'. வெள்ளை மிகுந்த வகைகள் மெதுவாகவே வளரும். அவற்றிற்கு ஒளியும் மிகுதியாக வேண்டும். இருண்ட மூலைக்குக் கரும்பச்சை வகையே பொருத்தம்.

ஒரு கிளை மட்டும் நிறமிழந்து முழுப் பச்சையாய் ஓடுமாயின், நிறமுள்ள கடைசி இலைக்குச் சற்று மேலாக அதனை வெட்டிவிடுங்கள். பச்சைக் கிளை வலியது. விட்டுவைத்தால் மற்றவற்றை முந்திக்கொள்ளும்.

செத்துப்போவது தாகத்தாலன்று

மணி பிளான்டை நீரின்றிக் கொன்றவர் சிலர். நீர் ஊற்றிக் கொன்றவர் மிகப் பலர். அன்பு மிகுதியால் காலையும் மாலையும் ஊற்றுகின்றனர். மண் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. வேர் கறுத்து அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே இலை வாடுகிறது. வாடியதைக் கண்டு இன்னும் ஊற்றுகின்றனர். இவ்வாறே செடி மடிகிறது.

நாட்கணக்கு வேண்டா, விரல்தான் அளவு. ஆள்காட்டி விரலின் முதற்கணு வரை மண்ணுள் அழுத்துங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டா. உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கணவாய் வழியே நம் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று மண்ணை விரைவில் உலர்த்தும். அப்போது அடிக்கடி பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஒரு வாரம் கடந்தும் ஈரம் இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் ஒருநாள் பொறுத்தல் நன்று. தாகம் கொண்ட கொடி இலைகளைத் தளரவிட்டுக் காட்டும். நீர் கண்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

சாடியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு எனக் கலந்தால் போதும். வயற்காட்டுக் களிமண்ணை அப்படியே நிரப்பினால் அது இறுகி நீரைத் தேக்கிவிடும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. வேர் சாடியை நிறைத்து அடித்துளை வழியே எட்டிப் பார்க்கும்போது, ஓரளவே பெரிதான சாடிக்கு மாற்றுங்கள். மிகப் பெரிய சாடியில் ஈரம் நெடுநாள் தங்கி வேரைக் கெடுக்கும்.

செடியின் நோயை இலையில் படிக்கலாம். அடியிலுள்ள ஓர் இலை எப்போதாவது மஞ்சளித்து உதிர்ந்தால் அது முதுமை, கவலை வேண்டா. ஈரமண்ணில் பல இலைகள் ஒருங்கே மஞ்சளித்தால் வேரழுகல். செடியை எடுத்துக் கறுத்த வேர்களை நீக்கிப் புதுமண்ணில் நடுக. நுனி காய்ந்து பழுப்பேறினால் வறட்சி, அல்லது ஆழ்குழாய் நீரின் உப்பு. கிடைக்கும்போது மழைநீர் ஊற்றுக. கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு இலை சிறுத்தால் ஒளிக்குறைவு. இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல் வெண்மை படிந்தால் அது மாவுப்பூச்சி. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பின் நல்ல நீரால் கழுவுக. தூசி படிந்த இலைக்கு ஒளி எட்டாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, முடித்தபின் கை கழுவச் செய்யுங்கள்.

ஏற்றுவதா, தொங்கவிடுவதா?

வெற்றிலைக் கொடிக்கால் கண்டவர்கள் நாம். அகத்தியின் நிழலில், அதையே பற்றி வெற்றிலைக் கொடி ஏறுகிறது. மலைத்தோட்டங்களில் முள்முருங்கையைப் பற்றி மிளகு ஏறுகிறது. மணி பிளான்டும் பற்றியேறும் இயல்புடையதே. கணுதோறும் அது விடும் சிறு வேர்கள் பற்றுக்கோட்டைத் தேடும் கைகள். நார்க்கயிறு சுற்றிய கோல் ஒன்றைச் சாடியில் ஊன்றி, கொடியைத் தளர்வாகக் கட்டி, கோலை ஈரமாக வைத்தால் மேலே செல்லச் செல்ல இலைகள் பெரிதாகும். தொங்கவிட்டாலோ இலை சிறுத்து, தோரணம்போல் இறங்கும். குமுளிச் சாலையில் மலையேறி, அப்பால் கேரளத்து ஈரக்காற்றில் மரத்தின்மீது தாவிய மணி பிளான்டைக் கண்டோர் வியப்பர்: நம் வீட்டில் உள்ளங்கையளவாயிருந்த இலை அங்கே முறத்தை ஒத்து, ஓரங்கள் கிழிந்து, வேறொரு மரமோ என ஐயுறச் செய்யும். செடி ஒன்றுதான், பற்றுக்கோடும் ஈரமும் ஒளியும் வேறு.

தொங்கும் கொடி நீண்டு, அடிப்பகுதி மொட்டையாகி, நுனியில் மட்டும் இரண்டிலை ஆடுவது பல வீடுகளில் காணும் காட்சி. "இவ்வளவு நீளம் வளர்ந்துவிட்டதே, வெட்ட மனமில்லை சாமி" என்பார்கள். நம் ஊர்த் திராட்சை விவசாயியிடம் கேளுங்கள். 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்ததாகக் கூறப்படுவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்றதுமான கம்பம் பன்னீர்த் திராட்சை கவாத்தின்றி விளைகிறதா? வெட்டிய இடத்தில்தான் புதுத்துளிர், துளிரில்தான் கொத்து. மணி பிளான்டிலும் அவ்வாறே. நுனியை வெட்டினால் வெட்டுவாய்க்குக் கீழுள்ள கணுக்கள் விழித்துப் பக்கக்கிளை விடும்; கொடி அடர்ந்து நிறையும். வெட்டிய துண்டுகளோ புதுச் செடிகளாகும்.

ஒன்று பலவாகும் விதம்

முருங்கைக்குப் போத்து நடுபவர்க்கு இது எளிது. இரண்டு மூன்று இலைகளும், குறைந்தது ஒரு கணுவும் உள்ள துண்டாகத் தேர்ந்தெடுங்கள். கணுவில் பழுப்பு நிறத்தில் சிறு முளைபோல் தெரிவதே வேராகப் போவது. கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே கூரிய கத்தியால் வெட்டி, அடியிலையை நீக்கி, கணு நீரில் மூழ்குமாறு கண்ணாடிக் குப்பியில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வெண்மையான வேர்கள் இறங்கும். அவை இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம். மாற்றிய முதல் இரு வாரங்கள் மட்டும் மண் ஈரமாக இருக்கட்டும்.

கணுவில்லாத தனி இலையை நீரில் வைத்தால் நெடுநாள் பச்சையாய் நிற்கும், செடியாகாது. நல்ல நிறம் வேண்டுவோர், தண்டிலேயே மஞ்சள் வரி ஓடும் துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுதும் வெள்ளையான இலைகள் மட்டுமே உள்ள துண்டு, உணவாக்கப் பச்சையின்றி நலிந்துவிடும். அடர்ந்த சாடி விரும்புவோர் ஐந்தாறு துண்டுகளை ஒன்றாக நடுக.

கருத்தில் கொள்ள வேண்டிய மூன்று அபாயங்கள்

முதலாவது கொசு. மணி பிளான்டைக் குப்பி நீரிலேயே ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதன்று. வீட்டிற்குள் தேங்கிய தெளிந்த நீரையே நாடுவது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, குப்பியின் உட்சுவரில் அது முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அம்முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர்பட்டதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகும். ஆகவே நீரை மாற்றுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, குப்பியின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். குப்பியின் வாயைக் கொடியைச் சுற்றிப் பஞ்சால் அடைப்பதும் நன்று. வாரந்தோறும் கழுவ இயலாதவர்கள் மண்ணில் நட்டுவிடுங்கள். பிள்ளையைக் காய்ச்சலில் கிடத்திவிட்டுக் கூடத்தில் அழகு பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது நஞ்சு. மணி பிளான்ட் சேம்பு, சேனை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேனையைப் புளி சேர்த்து நன்கு வேகவைக்காவிடில் நாக்கும் தொண்டையும் அரிப்பதை அறிவோம். கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே அதற்குக் காரணம். இக்கொடியின் இலையிலும் தண்டிலும் அவை உண்டு. தவழும் குழந்தை இலையைப் பிய்த்து வாயிலிட்டால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், உதடு வீங்கும். உடனே வாயைத் துடைத்து, நீரால் கழுவி, சிறிது குளிர்ந்த நீரோ பாலோ கொடுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பூனைக்கும் நாய்க்கும் இதே தீங்கு உண்டு. கவாத்து செய்த கொடியை ஆட்டின்முன் போடாதீர்கள். குழந்தையுள்ள வீட்டில் கொடி தரையில் படரவே வேண்டா. எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.

மூன்றாவது காடு. எறிந்த துண்டு ஈரமண்ணில் விழுந்தால் ஒரு கணுவே போதும். வேர்விட்டு, மரமேறி, அடர்ந்து, கீழுள்ள செடிகளுக்கு ஒளியை மறைத்துவிடும். இலங்கையின் ஈரக்காடுகளில் இது தொல்லைதரும் அயற்கொடியாகக் கருதப்படுகிறது. நமக்கு மேலே நிற்கும் மேகமலையோ 2021ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. வேண்டாத கொடியை மலைச்சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் வீசாதீர்கள். நன்கு வெயிலில் உலர்த்தியபின் எருக்குழியில் இடுங்கள்.

காற்றைத் தூய்மையாக்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்கலாம். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா நடத்திய ஆய்வில், மூடிய சிறு கூண்டினுள் சில செடிகள் நச்சு வாயுக்களைக் குறைத்தது உண்மை. ஆனால் 2019இல் அத்தகைய ஆய்வுகளை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், வீட்டில் சன்னல் வழியே இயல்பாக நடைபெறும் காற்றோட்டத்திற்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்றனர். எனவே சன்னலைத் திறந்து வையுங்கள். அதன் அருகே செடியையும் வையுங்கள்.

பணமும் களவும்

இனி முதலிரண்டு கேள்விகளுக்கு வருவோம். ஆங்கிலப் பெயரில் 'பணம்' இருப்பதால் வீட்டில் பணம் கொழிக்கும் என்பது பேரளவிலான நம்பிக்கையேயன்றி வேறன்று. மேல்நோக்கி ஏறினால் செல்வம் ஏறும், கீழ்நோக்கித் தொங்கினால் கடன் பெருகும், தென்கிழக்கு மூலைதான் உகந்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். கொடிக்குத் திசை தெரியாது, ஒளிதான் தெரியும். தென்கிழக்கு மூலை இருண்டிருந்தால் அங்கே அது நலியும். ஓர் இலை மஞ்சளித்ததைக் கண்டு, "குடும்பத்திற்கு ஏதோ வரப்போகிறது" என்று உறக்கமிழந்தவர்களை நாம் அறிவோம். செபமாலை தொங்கும் சுவரிலேயே இந்த அச்சத்தையும் தொங்கவிடுவது நமக்கு அழகன்று. அவ்விலை சொல்வது ஒன்றே: ஊற்றியது அதிகம்.

"திருடி வைத்தால்தான் வளரும்" என்பதோ விளையாட்டாகச் சொல்லப்படுவது. விளைவு விளையாட்டாக இருப்பதில்லை. நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் நிகழ்ந்ததை ஆட்பெயர் கூறாமல் எழுதுகிறோம். ஒரு வீட்டுத் திண்ணைச் சுவரின்மேலிருந்த மணி பிளான்ட் சாடி ஓரிரவில் கீழே விழுந்து நொறுங்கிக் கிடந்தது. கொடியில் பாதியைக் காணோம். அவ்வீட்டில் பாத்திரம் துலக்கிய ஏழைப் பெண்ணின்மீது சந்தேகம் விழுந்தது. "எடுக்கவில்லை அம்மா" என்று அவள் அழுதும் கேளாமல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டனர். மூன்று வாரங்களுக்குப்பின், அடுத்த தெருவில் வசதியுள்ள வீடு ஒன்றில் அக்கொடி புதுச்சாடியில் நின்றது. கேட்டதற்கு, "களவாண்டு வைத்தால்தான் ராசி என்றார்கள், அக்கா, ஒரு சாண் கொடிதானே என்று இழுத்தேன், சாடி விழுந்துவிட்டது" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது சிரிப்பு. மூன்று வாரக் கூலியையும் தெருவிலே தன் நல்ல பெயரையும் இழந்த பெண்ணுக்கு அது சிரிப்பன்று. சாடிக்குரியவர் அப்பெண்ணின் வீடு தேடிச் சென்று, வருந்திப் பேசி, கூலியைக் கையில் கொடுத்து வேலைக்கு மீண்டும் அழைத்தார். அவள் கூலியைப் பெற்றுக்கொண்டாள், வேலைக்குத் திரும்பவில்லை.

ஏழாம் கட்டளை பொருளின் விலையைக் கேட்பதில்லை. ஒரு சாண் கொடியும் பிறர் பொருளே. அதற்காகப் பழி சுமந்தவரின் மானமும் பிறர் பொருளே. திருடிய துண்டு வளர்ந்துவிடுகிறதே என்றால், கேட்டு வாங்கிய துண்டும் அதே போல் வளர்கிறது. கணு உள்ளது எதுவும் வேர்விடும். களவு அதற்கு உரமன்று.

இந்த நம்பிக்கை வேரூன்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டெனத் தோன்றுகிறது. கேட்டால் தரமாட்டார்கள் என்ற அச்சம் கேட்பவரிடம் இருக்கிறது. "கொடுத்தால் நம் வீட்டு இலட்சுமி போய்விடும்" என்ற அச்சம் உடையவரிடம் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இப்பேச்சு உலவக் கேட்டிருக்கிறோம். மேலே நாம் கூறிய இயல்பை இப்போது எண்ணிப் பாருங்கள். பூவும் விதையும் இல்லாத இக்கொடி, ஒருவர் வெட்டி மற்றொருவருக்குக் கொடுத்தாலன்றி வீடுவிட்டு வீடு சென்றிருக்க வழியே இல்லை. கொடுத்தவரின் கொடியோ குறைவதில்லை. வெட்டிய இடத்தில் இருகிளையாய் அடர்கிறது. கொடுக்காமல் காத்தவரின் கொடிதான் அடி மொட்டையாகி நுனியில் இரண்டிலையுடன் ஊசலாடுகிறது.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை பிறக்கும் நாட்களில் உங்கள் கொடியைக் கவாத்து செய்யுங்கள். துண்டுகளை நீரில் வேர்விடச் செய்யுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குள் அவை மண்ணுக்கு மாற்றத் தகுந்தவையாகிவிடும். குடிலைச் சுற்றி இரண்டு சாடிகள் வையுங்கள். விழா முடிந்தபின் கொடிகளைக் குப்பையில் எறியாமல் பகிர்ந்துகொள்ளுங்கள். புதுவீடு புகுந்தவர்க்கு ஒன்று. பிள்ளைகள் வெளியூரிலிருக்கத் தனித்து வாழும் முதியவர்க்கு ஒன்று. அதனைக் கொடுக்கும் சாக்கில் அரைமணி நேரம் அவரிடம் பேசிவிட்டும் வரலாம். சுவரொட்டிய வீட்டில் எவரேனும் உங்கள் கொடியை ஏக்கத்துடன் பார்ப்பதைக் கண்டால் அவர் கேட்கும்வரை காத்திராமல் ஒன்று. கொடுக்கும்போது மூன்று சொற்களையும் உடன் சொல்லுங்கள்: வெயிலில் வைக்காதே, விரலால் பார்த்து ஊற்று, குழந்தைக்கு எட்டவிடாதே.

கேட்க விரும்புவோர் தயங்காமல் கேளுங்கள். "அக்கா, ஒரு கணு கொடுங்கள்" என்று கேட்பதில் இழிவு எதுவும் இல்லை.